சிகப்பைத் தாண்டிய வண்டி

அத்தியாயம் 14

அடையாறு சிக்னலில் பச்சை விழுந்தும் ஸ்கூட்டரை எடுக்காமல் நின்றானே ஆஸ்வின், பின்னாலிருந்த ஆட்டோக்காரர் இறங்கி வந்து திட்டும் வரைக்கும், அன்றிலிருந்து ஜொவிட்டாவுக்குச் சரியாகத் தூக்கமில்லை. கேட்டால், "ஏதோ யோசனையில இருந்தேன்" என்றான். அதற்கு முன்னால் ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவன் எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கும் அதே யோசனைதான்.

என்ன யோசனை? யாரைப் பற்றி யோசனை? கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமான ஒரு பெண்ணுக்கு இந்த மாதிரி நேரத்தில் புத்தி எங்கே போகுமோ, அங்கேதான் அவள் புத்தியும் போனது. போன வாரம் அவன் போனை எடுத்துக் குடைந்துகூடப் பார்த்துவிட்டாள். ரயில் படங்களைத் தவிர அதில் ஒரு மண்ணும் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடை கிடைத்தது. இதற்குப் பதில் ஒரு பெண்ணே இருந்திருந்தால்கூடத் தேவலையே என்று அவள் நினைத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

ஆம்ப்ரோஸ் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சாந்தோம் கோயிலில் காலைப் பூசை, மத்தியானம் கறிக்குழம்பு, இரண்டுக்கும் நடுவில் ரயில்.

மாடி அறை முழுக்க ஆஸ்வின் கட்டிய ரயில்தான். பொம்மை என்று சொல்லிவிட்டால் போச்சு, அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். ப்ளைவுட் மேசைமேல் தண்டவாளம், சலித்த எம்-சாண்டில் ஜல்லி, காயவைத்த டீத்தூள் சக்கையில் வயல் மண். 'மணவயல் ரோடு' என்று அவனே பேர் வைத்த ஒரு ஸ்டேஷன். காலம் எண்பதுகள். டீசல் எஞ்சின்கள் கொடிகட்டிப் பறந்த காலம், அவன் அப்பா ஆம்ப்ரோஸ் அதில் டிரைவராக இருந்த காலம். அப்பா ஓட்டிய எஞ்சினின் நம்பரையே தன் குட்டி எஞ்சினுக்கும் எழுதி, அதன் வயிற்றுக்குள் சின்ன ஸ்பீக்கர் வைத்து, அதே கடகட சத்தத்தையும் கொண்டுவந்திருந்தான்.

ஆஸ்வினும் டிரைவர்தான். கடற்கரைக்கும் வேளச்சேரிக்கும் நடுவே ஓடும் மின்சார ரயிலில் மோட்டார்மேன். வாரமெல்லாம் நிஜ வண்டி, ஞாயிற்றுக்கிழமை இந்த வண்டி. இதில் மட்டும் சலிப்பு என்பதே கிடையாது மனுஷனுக்கு.

விளையாட்டுதானே என்று நினைத்துவிடாதீர்கள், சட்டதிட்டமெல்லாம் கறார். அறைக்குக் குறுக்கே கயிறு கட்டி மாமனாரின் பழைய வேட்டி ஒன்றைத் தொங்கவிடுவார்கள். அந்தப் பக்கம் ஆம்ப்ரோஸ் ஸ்டேஷன் மாஸ்டர், சிக்னல் விளக்குகளை மாற்றும் லீவர்கள் அவர் கையில். இந்தப் பக்கம் ஆஸ்வின் டிரைவர். ஸ்டேஷன் மாஸ்டர் முகத்தைப் பார்த்து வண்டி ஓட்டக் கூடாது, சிக்னலைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். அதற்குத்தான் வேட்டி.

ஜொவிட்டா உதவி டிரைவர். டிரைவர் ஒவ்வொரு சிக்னலையும் பார்த்து அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். டீசல் எஞ்சினில் அதுதான் வழக்கம். கெமிஸ்ட்ரி டீச்சரான அவளுக்கு ஆரம்பத்தில் சிரிப்பாக வந்தது. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

வண்டியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கைப்பிடி. ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பன் இனாயத் கடைந்து கொடுத்தது. மின்சார ரயிலில் இருக்கிற மாதிரியே அதை அழுத்திப் பிடித்திருந்தால்தான் வண்டி ஓடும். கை தளர்ந்தால் கைப்பிடி மேலே எழும்பும், வண்டி தானாக நின்றுவிடும். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லித்தான் ஆஸ்வின் அவள் பயத்தைப் போக்கினான். "நான் மயங்கி விழுந்தாக்கூட வண்டி நின்னுடும் ஜோ. ஜனங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

அன்றைக்கு இனாயத்துக்கு வீடியோ அனுப்ப வேண்டும் என்று, ஜொவிட்டாவின் போனை அலமாரியில் சாய்த்து வைத்து ஓடவிட்டிருந்தார்கள். ஸ்டேஷனில் ஒரு கூட்ஸ் வண்டி நின்றிருந்தது. அது நகரும் வரை பாசஞ்சர் வெளியே காத்திருக்க வேண்டும்.

"டிஸ்டன்ட், மஞ்சள்" என்றான் ஆஸ்வின்.

"டிஸ்டன்ட், மஞ்சள்" என்றாள் ஜொவிட்டா. ஸ்டேஷனுக்கு முன்னால் முதலில் வருவது டிஸ்டன்ட் சிக்னல். அதில் மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராகு என்று அர்த்தம்.

அடுத்தது ஸ்டேஷனுக்குள் விடும் ஹோம் சிக்னல். சிகப்பு. அவன் சொல்லுவான் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை.

"ஏங்க, ஹோம்."

பதில் இல்லை. வேகம் குறையவில்லை. வண்டி சிகப்பைத் தாண்டியது, நின்றிருந்த கூட்ஸின் பின்புறத்தில் போய் இடித்தது, கடைசியிலிருந்த கார்டு வேன் மேசையிலிருந்து விழுந்து தரையில் சிதறியது.

"டேய்! ஹோம் சிகப்புல இருக்கு!" வேட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஆம்ப்ரோஸ் கத்தினார். "கண்ணை எங்கடா வெச்சிருக்க?"

ஜொவிட்டா திரும்பிப் பார்த்தாள். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் அதில் அவன் இல்லை. வாயில் ஒன்றுமில்லாமலே உதடு எதையோ மென்றுகொண்டிருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் அசையவில்லை. அப்புறம்தான் அவன் கையைப் பார்த்தாள்.

கை தளரவே இல்லை. நரம்பு புடைக்கக் கைப்பிடியை அழுத்திக்கொண்டிருந்தது. இடித்துக்கொண்டு நின்ற எஞ்சினின் சக்கரங்கள் இருந்த இடத்திலேயே கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தன.

சேசுவே, என்று அவளுக்கு வாய்விட்டே வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவன் கண்ணைக் கொட்டினான், கையை எடுத்தான். "என்ன சத்தம்?" என்றான். குனிந்து பார்த்தவன் முகம் சுண்டிப்போனது. "அய்யோ, வேனை யாரு தள்ளினது?"

வேட்டியை விலக்கிக்கொண்டு ஆம்ப்ரோஸ் வந்தார். எழுபத்தைந்து வயதிலும் அந்த மனுஷனுக்குக் குரல் மட்டும் இறங்கவில்லை. "என் சர்வீஸ் முழுக்க ஒரு சிகப்பைத் தாண்டினதில்லடா நான். பொண்டாட்டி பக்கத்துல இருந்து கூப்பிடறா, காதுலயும் விழலியா?"

"தூக்கம்ப்பா. நாலு நாளா காலை ஷிஃப்ட்." ஆஸ்வின் அசடு வழியச் சிரித்தான். சிரித்துக்கொண்டே உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டுவதற்கு எடுத்து வைத்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

*

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு ஜொவிட்டா சமையலறையில் நின்றுகொண்டு அந்த வீடியோவைப் பார்த்தாள்.

அவள் வகுப்பில் மதுமதி என்று ஒரு பெண் இருந்தாள். பாடம் நடக்கும்போது திடீரென்று வெறித்துப் பார்ப்பாள், உதட்டை மெல்லுவாள், பேனாவை மட்டும் இறுக்கிப் பிடித்திருப்பாள். கவனிக்கவில்லை என்று ஜொவிட்டாவே அவளை வெளியே நிற்க வைத்திருக்கிறாள். அப்புறம் அந்தப் பெண்ணின் அம்மா வந்து அழுதார். அது ஃபிட்ஸாம். கீழே விழுந்து கை கால் வெட்டி இழுத்தால்தான் ஃபிட்ஸ் என்றில்லையாம். அந்த நேரத்தில் நடப்பது எதுவும் அதற்கே தெரியாது டீச்சர், என்றார்.

அடையாறு சிக்னல். பொங்கி வழிந்த பால். இப்போது இது. இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அடுத்த நொடி வேறொன்று உறைத்தது. நாளைக்குக் காலையில் டூட்டி. ஆபீஸ் நேரம். ஒவ்வொரு பெட்டியிலும் ஆள்மேல் ஆள் நசுங்கிக்கொண்டு நிற்கும்.

போனை எடுத்துக்கொண்டு மாமனாரிடம் போனாள். அவர் ஈசிசேரில் சாய்ந்திருந்தார்.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். "திரும்பப் போடு" என்றார். மறுபடியும் பார்த்தார். "அந்தக் கையைப் பெருசு பண்ணிக் காட்டு." காட்டினாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கையை எடுக்கலியேம்மா."

"எடுக்கலை மாமா. நான் உலுக்கியும் எடுக்கலை."

அதுவரை தணிந்து பேசிக்கொண்டிருந்தவருக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, "இதை யாருக்காவது அனுப்பினியா?" என்று சீறினார்.

"யாருக்கும் இல்லை. ஆனா சொல்லணும் மாமா. அவர்கிட்ட சொல்லணும், டாக்டர்கிட்ட போகணும், அது வரைக்கும் வண்டி எடுக்கக் கூடாது."

"நீ சுலபமா சொல்லிட்ட. ரயில்வே டாக்டர் காதுல ஃபிட்ஸ்னு ஒரு வார்த்தை விழுந்தா அன்னைக்கே வண்டியை விட்டு இறக்கிடுவான். சம்பளத்துல கை வைக்க மாட்டான், சரி. ஆபீஸ்ல ஒரு மூலையில உக்கார வெச்சுத் தபால் பிரிக்கச் சொல்லுவான். மூணு வயசுலருந்து எஞ்சின் எஞ்சின்னு கிடந்த புள்ளம்மா அது."

"வண்டியில இருக்கற ஜனங்க யாரு பெத்த புள்ளைங்க மாமா?"

ஆம்ப்ரோஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "நாளைக்குக் காலைலதானே டூட்டி?" என்றார். "சாயங்காலம் நான் பேசறேன். நீ வாயைத் திறக்காத. அப்பன் சொன்னா கேட்டுப்பான். பொண்டாட்டி வாயால கேட்டா ஆம்பளைக்கு அது காலத்துக்கும் உறுத்தும்."

ஜொவிட்டா ஒத்துக்கொண்டாள். அவர் சொல்லுவது நியாயமாகத்தான் பட்டது. உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட எட்டிப் பார்த்தது, பொய் சொல்வானேன். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்லும் வேலை தன் தலையில் விழவில்லையே!

*

சாயங்காலம் மாமியார் வெரோனிகா, பெசன்ட் நகர் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும் என்றார். அப்பாவும் பிள்ளையும் தனியாக இருக்கட்டும் என்று ஜொவிட்டாவும் கிளம்பினாள். மாதா முன்னால் நின்று அவள் கேட்டது ஒன்றுதான்: மாமா வாயில் நல்ல வார்த்தை வர வேண்டும். வெளியே வந்தால் பீச்சுக்குப் போகிற கூட்டம். பலூன், பஜ்ஜி, தோளில் குழந்தைகள். வேறொரு நாளாக இருந்தால் மாமியாரும் மருமகளும் சுண்டல் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆட்டோ வீட்டு வாசலில் நின்றபோது ஆஸ்வினின் ஸ்கூட்டரைக் காணோம்.

ஹாலில் விளக்குப் போடாமல் ஆம்ப்ரோஸ் உட்கார்ந்திருந்தார்.

"அவர் எங்க மாமா?"

"போன் வந்தது. சாயங்கால வண்டிக்கு வர வேண்டியவனுக்கு உடம்பு சரியில்லையாம். வேற ஆளில்ல, வர முடியுமான்னு கேட்டாங்க. கிளம்பிட்டான்."

"நீங்க சொல்லலையா?"

"சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு வந்து எதிர்ல நின்னான்மா. 'வரேம்ப்பா'ன்னான். பார்த்துப் போன்னுட்டேன்."

"பார்த்துப் போன்னீங்களா!" பன்னிரண்டு வருஷத்தில் ஜொவிட்டா அந்த வீட்டில் குரலை உயர்த்தியதில்லை. "பார்க்க முடியாதுங்கறதுதானே மாமா விஷயமே! உங்களை நம்பித்தானே நான் வெளிய போனேன்! ரெண்டு வார்த்தை, மாமா. ரெண்டே ரெண்டு வார்த்தை உங்களால சொல்ல முடியலையா?"

ஆஸ்வினுக்குப் போன் அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப். டூட்டியில் ஏறிவிட்டால் போனை அணைத்து வைத்துவிடுவான். டிரைவர்கள் டூட்டிக்குக் கையெழுத்துப் போடும் இடத்துக்கு லாபி என்று பேர். அந்த நம்பர் ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருந்தது. அவசரத்தில் முதல் தடவை தப்பாக அழுத்தினாள்.

"லாபி. யாருங்க?"

"மோட்டார்மேன் ஆஸ்வினோட ஒய்ஃப் பேசறேன். அவர் இப்ப வண்டி ஓட்டக் கூடாது சார். அவருக்கு உடம்பு சரியில்லை. தயவுசெஞ்சு நிறுத்துங்க."

"இன்னாம்மா சொல்ற? இப்பதான குடிச்சுக்கீறாரான்னு பாக்கற மெஷின்ல வாய் ஊதி, கையெழுத்துப் போட்டுக்கினு போனாரு. நல்லாத்தான கீறாரு. வண்டியும் எடுத்தாச்சு." அந்த ஆள் குரலைத் தணித்தான். "வூட்ல எதுனா சண்டையா? அதுக்கெல்லாம் இங்க போன் பண்ணாதம்மா. மனுஷன் வேலை பூடும்."

"சண்டை இல்லை சார், சத்தியமா இல்லை..."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது ஆம்ப்ரோஸ் எழுந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, தட்டுத் தடுமாறி வந்து, அவள் கையிலிருந்து போனை வாங்கினார்.

"லாபியில யாருப்பா? நான் ஆம்ப்ரோஸ் பேசறேன். ரிட்டயர்டு மெயில் டிரைவர்."

"சொல்லுங்க ஐயா." குரலே மாறிவிட்டது.

"ஆஸ்வின் என் மகன். அவனை வண்டியிலருந்து இறக்கு."

"காரணம் சொல்லணுமே ஐயா. கன்ட்ரோல் ரூம்ல கேப்பாங்க."

ஜொவிட்டா அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபிட்ஸ்" என்றார். "நான் என் கண்ணால பார்த்தேன். அடுத்த ஸ்டேஷன்ல நிறுத்தி இறக்கு."

போனை அவளிடம் நீட்டிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாசல் நிலையில் செபமாலையோடு நின்ற வெரோனிகா, "யாருக்கு ஃபிட்ஸ்?" என்று கேட்டார். "யாருக்குன்னு கேக்கறேன்ல!" என்று அந்த அம்மாள் அலறினார்.

*

எவ்வளவு நேரம் போயிற்றென்று தெரியாது. வெரோனிகா ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தார். ஜொவிட்டா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அது அடித்தபோது திரையில் ஆஸ்வினின் பேர்.

"ஆண்டவரே, நன்றி" என்று சொல்லிக்கொண்டே எடுத்தாள்.

"ஜோ." ரொம்பச் சின்னக் குரல். பின்னால் ஒரே இரைச்சல். "மந்தவெளியில நிக்கறேன். வண்டியை நிறுத்தி என்னை இறக்கிட்டாங்க. ஜனங்க சுத்தி நின்னு படம் எடுக்கறாங்க. குடிச்சிருக்கான்னு ஒருத்தன் சொல்றான்."

"நீங்க வீட்டுக்கு வாங்க. ஆட்டோ பிடிச்சு வாங்க. ஸ்கூட்டர் வேண்டாம்."

"எனக்கு ஃபிட்ஸாம், ஜோ. ஸ்டேஷன் மாஸ்டர் சொல்றாரு. எனக்கே தெரியாம எனக்கு என்னடி ஃபிட்ஸ்?"

இதை அவன் தன் வீட்டில், தன் அப்பா வாயால் கேட்டிருக்க வேண்டும். பிளாட்ஃபாரத்தில் நின்று ஊரார் வாயால் கேட்டிருக்கிறான்.

"வாங்க. எல்லாம் சொல்றேன். வீடியோ இருக்கு."

"வீட்லருந்து யாரோ பேசினாங்களாம். அதை மட்டும் இப்பவே சொல்லு. நீயா? அப்பாவா?"

அந்தக் கேள்வி ஆம்ப்ரோஸுக்கும் கேட்டது. தரையில் உட்கார்ந்தபடியே அவர் தலையை நிமிர்த்தினார். ஜொவிட்டாவைப் பார்த்தார். இரண்டு கையையும் சேர்த்து மருமகளைக் கும்பிட்டார். சத்தமில்லாமல் வாய் மட்டும் அசைந்தது: என் பேரைச் சொல்லாதம்மா.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாத மனுஷன், சொன்ன பிறகும் இப்படிக் கும்பிடுகிறாரே! ஒரு நொடி, 'அப்பாதான்' என்று சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தது. அதுதானே உண்மை. அவள் பேச்சை அங்கே யார் கேட்டார்கள்? ஆனால் இந்த ராத்திரி அவன் வீட்டுக்கு வந்தால், யார் மடியிலாவது தலையை வைத்து அழ வேண்டும். அதற்கு ஒருவராவது மிச்சம் இருக்க வேண்டும்.

"நான்தான்" என்றாள்.

"நினைச்சேன்" என்றான் ஆஸ்வின். "அப்பா சொல்லியிருக்க மாட்டார். அவர் டிரைவர்."

போனை வைத்துவிட்டான்.

வெரோனிகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "என்னடி சொன்னான்? எப்ப வரானாம்?"

"சொல்லலை அத்தை" என்றாள் ஜொவிட்டா.